நெட்டையர் கொடுத்த விடுமுறை

பள்ளிக்கூடப் பை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் 'டிகிரி'. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வாங்கியதைப் பரண்மேல் வைத்துவிட்டு, அம்மா வேலை பார்க்கும் அதே பாக்கிங் பிரிவில் ஜிப் சோதிக்க வந்தவள். ஒவ்வொரு பையாக எடுத்து ஜிப்பை இழுத்துத் திறக்க வேண்டும், இழுத்து மூட வேண்டும். "இதுக்கு எத்தன வருஷம்டி படிச்ச?" என்பாள் பக்கத்து மேசை அக்கா. கேலிதான். ஆனாலும் அன்று முழுக்க அது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து பை வாங்குகிறவர்கள் வரும்போது மட்டும் மேனேஜருக்கு அவள் ஞாபகம் வரும். இந்த முறை நெட்டையாக ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். விடுதலை நாளுக்கு முந்தின தினம். மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குள் அழைத்து, மூலையில் காலியாகக் கிடந்த மேசையையும் நாற்காலியையும் கண்ணால் காட்டினார்.

"நாளைக்கு விழா. அவங்களுக்கு நம்ம பழக்கவழக்கத்த எல்லாம் அழகா எடுத்துச் சொல்லு. அவங்க மனசு குளிர்ந்துச்சுன்னா அந்த சீட்டு உனக்கு."

ஜிப் இல்லாத ஒரு மேசை. அதற்காக எதையும் எடுத்துச் சொல்லலாம் என்றுதான் அவள் நினைத்தாள். சொல்ல ஆரம்பித்த பிறகல்லவா தெரிந்தது!

கொடி ஏறும்போது அசையாமல் நிற்போம் என்றாள் ஆங்கிலத்தில். மூக்கில் ஈ உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்று நெட்டையர் கேட்டார். உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவோம் என்றாள். மூன்று முறை 'வாழ்க' என்போம் என்றாள். யார் வாழ வேண்டும் என்று கேட்டார். நாடு. மூன்றாவது முறையும் நாடுதானா? ஆமாம். பிறகு மிட்டாய் கொடுப்பார்களாமே, அது எதற்கு? அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த மிட்டாயைச் சப்பி வந்திருக்கிறாள், ஒருநாளும் கேட்டதில்லை. முதலில் அந்த மனிதர்மேல் எரிச்சல் வந்தது. அப்புறம் அது அப்படியே தன்மேல் திரும்பியது. இத்தனை படித்து என்ன?

வீட்டில் என்ன செய்வீர்கள் என்று மனைவி கேட்டாள். வீட்டில் அன்றைக்குப் போர்வை துவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் வேலை இருந்ததால், கனத்த துணியைத் துவைத்துக் காயவைக்க அம்மாவுக்கு முழு வெயிலோடு கிடைப்பது இந்த மாதிரி நாள்தான். இந்த வருஷம் அதுவும் போயிற்று. கண்டெய்னர் லாரி வாசலில் நிற்கிறது, கொடியேற்றியதும் எல்லாரும் வேலைக்கு உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "கொடிக்கு லீவு, நமக்கில்ல" என்று அம்மா காலையில்தான் முனகியிருந்தாள். இதையெல்லாம் எப்படிச் சொல்வது? குடும்பத்தோடு மகிழ்ச்சியாக இருப்போம் என்றாள். பாடப்புத்தக வாக்கியம். சொன்ன வாய்க்கே சப்பென்றிருந்தது.

கிளம்பும்போது நெட்டையருக்கு ஒரு ஆசை வந்தது. நாளை மைக்கில் உங்கள் மொழியில் ஒரு வரி பேச வேண்டும் என்றார். 'வாழ்த்துகள்' அவர் நாக்குக்கு வசப்படவில்லை. 'ழ' ஒவ்வொரு முறையும் தொண்டைக்குள்ளேயே வழுக்கி விழுந்தது. கடைசியில் 'இன்று நமக்கு விடுதலை நாள்' என்று சுருக்கிக் கொடுத்தாள். அவர் விடவில்லை. லீவுக்கு என்ன சொல்வீர்கள் என்றார். விடுமுறை என்றாள். இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகிறதே, சொந்தமா என்று கேட்டார். பங்காளிகள் என்று சொல்ல வாயெடுத்தாள். பங்காளி என்றால் சொந்தத்தோடு சண்டையும் சேர்ந்துதானே வரும், அதை விளக்கப் போனால் பொழுது விடிந்துவிடும். தூரத்துச் சொந்தம் என்று முடித்துக்கொண்டாள்.

மறுநாள் கொடி ஏறியது. யார் மூக்கிலும் ஈ உட்காரவில்லை. நெட்டையர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார்.

"இன்று நமக்கு விடுமுறை நாள்."

உடனே எழுந்த கைதட்டலில் கம்பத்துப் புறா பறந்தது. பின்வரிசையில் விசில். பாக்கிங் பிரிவு அப்படியே திரும்பி, சாப்பாட்டுப் பைகள் மாட்டியிருந்த ஆணிகளை நோக்கி நடந்தது. மேனேஜர் பல்லைக் காட்டியபடியே அவள் பக்கம் சாய்ந்தார்.

"என்ன சொல்லிக் குடுத்த?"

"விடுதலைன்னுதான் சார்."

"வாய் தவறிச் சொல்லிட்டாருன்னு மைக்ல சொல்லு. இப்பவே."

மைக் கைக்கு வந்தது. எதிரே அம்மா, பையைத் தோளில் மாட்டிவிட்டாள். அந்த முகத்தில் கெஞ்சலும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. மகள் என்ன சொல்வாள் என்பது முன்பே தெரிந்த முகம். நேற்று இரண்டு சொல்லையும் சொல்லிக் கொடுத்தபோது, விடுமுறையைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொன்னோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்படியானால் அதையாவது தைரியமாகச் செய்திருக்கலாம்.

"ஐயா விடுதலைன்னு சொல்ல வந்தாங்க" என்றாள். "விடுமுறை இல்ல."

"அப்ப நமக்கு விடுதலை மட்டுந்தான். லீவு கெடையாது" என்றாள் பக்கத்து மேசை அக்கா. "வாங்கடி, போய் ஜிப்ப இழுப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பைகளைத் திரும்ப மாட்டினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நெட்டையருக்குக் குழப்பம். ஏன் திரும்பிவிட்டார்கள், இன்று விடுமுறை இல்லையா என்று கேட்டார். விடுமுறைதான் என்றாள். பிறகு ஏன் வேலைக்குப் போகிறார்கள்? அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்கள் வழக்கம் அது. விடுமுறையை வேலை செய்துதான் கொண்டாடுவோம்."

சுருக்கென்று குத்தட்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் குத்தல் அவள் குரலில் இருந்தது, ஆங்கிலத்துக்குள் ஏறவில்லை. நெட்டையர் நெஞ்சில் கைவைத்துத் தலை வணங்கினார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு உயர்ந்த வழக்கம், எங்கள் ஊரில் இப்படி இல்லையே என்றாள். இல்லை, நான் சொன்னது அப்படியில்லை என்று டிகிரி தொடங்குவதற்குள் மேனேஜர் முதுகில் தட்டாத குறையாக வந்து நின்றார்.

"பிரமாதம். எனக்கே தோணல பாரு. அடுத்த வருஷம் யார் வந்தாலும் இதையே சொல்லிடு."

மத்தியானமே அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். நாற்காலி சுழன்றது. அங்கிருந்து பார்த்தால் பாக்கிங் மேசைகள் தெரிந்தன. ஜிப் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவள் வீடு திரும்பியபோது வெயில் சுத்தமாக இறங்கியிருந்தது. அம்மா குழாயடியில் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் துவைத்தால் எப்போது காயும் என்று கேட்கப் போனவள், கேட்காமல் செருப்பைக் கழற்றினாள். வெளிநாட்டுக்காரர்களிடம் சொன்னதை மெதுவாகச் சொன்னாள். அம்மா சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தாள்.

"சீட்டு மெத்துன்னு இருக்கா?"

"இருக்கும்மா."

"சரி, அந்த முனையப் பிடி."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். போர்வை சுற்றியதே தவிர, தண்ணீர் பிழிந்து இறங்கவில்லை. அம்மா நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நான் முறுக்குற பக்கமே நீயும் முறுக்கினா தண்ணி எப்படிடி இறங்கும்? எதிர்ப்பக்கம் முறுக்கு."