எலி கடித்த பேப்பர்

புனிதம் அக்காவின் வேலையைக் கெடுத்தவன் நான். எலி அல்ல... நான்!

மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற போர்க்காலம் அது. எங்கள் ஊரில் எல்லோரிடமும் தாராளமாக இருந்தது பொழுது ஒன்றுதான். அக்கா அந்தப் பொழுதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் படிப்பித்தார். ஆறு வருடத் தொண்டராசிரியை. நாங்கள் நாலு பேர் வாசிகசாலையில் கடதாசி, அதுதான் சீட்டு, விளையாடினோம்.

நான் பயந்தவன். துரும்பு யார் கையில் என்று யோசிக்கும்போது மட்டும் ஹெலிகொப்டரின் சத்தம் என் காதில் விழாது. அதற்காகவே போனேன்... இது ஒரு சாட்டா? தெரியவில்லை.

வாசிகசாலைக்கு வருவது ஒரே ஒரு பேப்பர். அச்சிடத் தாள் இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளில் வந்துகொண்டிருந்தது. வெற்றி தோல்வி குறிக்க அந்தக் கோடுகள் எவ்வளவு வசதி!

"ஒரு துண்டு கிழியடா," என்றார் கூட விளையாடிய சிவம் அண்ணை.

"ஆரும் வாசிக்கேல்லை இன்னும்..."

"எட்டோடை பள்ளிக்கூடம் விட்டனீ. நீயே உந்தப் பேப்பரை வாசிச்சுக் கிழிக்கப்போறாய்? சும்மா கிழி!"

எல்லோரும் சிரித்தார்கள். கிழித்தேன்.

நாலு மணிக்கு அக்கா வந்தார். தினமும் வருவார், நிரந்தர ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்குத் தன் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்க.

"உந்த மூலை எங்கை, தம்பி?"

"எலி கடிச்சிருக்கும், அக்கா... ஏதும் விளம்பரமாயிருக்கும்," என்றேன்.

வீட்டில் சேட்டைக் கழற்றும்போது பையிலிருந்து அந்தத் துண்டு விழுந்தது. ஒரு பக்கம் எங்கள் கோடுகள். மறுபக்கம் பெயர்கள். மூன்றாவது பெயர் அவருடையது. திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி, யாழ்ப்பாணம்.

அன்று வெள்ளி. இன்னும் மூன்று நாள் இருந்தது! அவர் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது படலை...

போனேன். படலைவரை போனேன். சொன்னால் வாசிகசாலைப் பக்கம் இனி என்னை விடமாட்டார்களே, பிறகு அந்தச் சத்தத்தை எங்கே போய்க் கேட்காமல் இருப்பேன் என்று திரும்பினேன். சனியும் அப்படியே. ஞாயிறும்.

திங்கள் ஒன்பது மணிக்கு நான் கடதாசி குலைத்துக்கொண்டிருந்தேன். அன்று வென்றேன்... கேட்கிறீர்களா? வென்றேன்!

பத்து நாள் கழித்துத்தான், வேறொரு ஆசிரியை சொல்லி, தன் பெயர் வந்ததும் நேர்முகப் பரீட்சை முடிந்ததும் அக்காவுக்குத் தெரிந்தது. வாசிகசாலைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் திறந்தேன்.

"இன்னொரு பட்டியல் வருமாம், தம்பி," என்றார். "எலிக்கு எட்டாமல் பேப்பரை உயரத்திலை வையுங்கோ. உங்களைத்தான் நம்பியிருக்கிறன்."

"ஓம் அக்கா," என்றேன்.

அன்றிலிருந்து தினமும் பேப்பரை அலுமாரிக்கு மேலே நானே வைத்தேன். நாலு மணிக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் எனக்கு நன்றி சொன்னார்.