பம்ப்செட்காரரின் சொந்த ஊர்

திறப்பு விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, ஒட்டி முடித்த பேனலைக் கழற்றச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? திருவனந்தபுரத்தில் ஓர் அறிவியல் கண்காட்சிக்கூடத்தில் கேப்ஷன் எழுதுவது என் வேலையாக இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ‘நம் மாநிலத்துக் கண்டுபிடிப்பாளர்கள்’ என்று ஒரு புதிய கேலரி போட்டோம். கழற்றச் சொன்னது, ஊரெல்லாம் கிணற்றடியில் ஓடும் சின்ன பம்ப்செட்டை உருவாக்கிய வைத்தியநாதனின் பேனலை. வயதான மனிதர். விழாவுக்கு அழைப்பும் போய்விட்டது.

எங்கள் கியூரேட்டர் மலையாளி, என்னைவிட இளையவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார், அதாவது அவருடைய தமிழில்.

“சேச்சி, இவர் தமிழ்நாட்டுக்காரனல்லே? இனிஷியல் நோக்கு, கல்லிடைக்குறிச்சி. நம்ம ஹால்ல எங்ஙனே வைக்கும்?”

“பிறந்தது இதே ஊர்ல, வலியசாலைல சார்.”

“அது அம்மை பிரசவத்துக்கு வந்ததல்லே. சொந்த ஊர் அப்பாவோடதுதானே? எடுத்து மாற்றணும்.”

இதை வைத்தியநாதனிடம் யார் சொல்வது? நான்தான். போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“புதுசா என்ன? அங்கே கேட்டா கேரளாக்காரன்ங்கறா, இங்கே வந்தா தமிழ்நாட்டுக்காரன்ங்கறா. அம்மா இருந்தா வருத்தப்பட்டிருப்பா. அப்பா போனப்புறம் வலியசாலைக்கே வந்து, ட்யூஷன் எடுத்துத்தானே என்னைப் படிக்க வச்சா? முதல் மோட்டாரை நான் பிரிச்சுப் போட்டதே அவ கிணத்தடிலதான்.”

போனை வைத்த கையோடு கியூரேட்டர் அறைக்குப் போனேன்.

“சார், உங்க பூர்வீக வீடு, தறவாடு, எந்த ஊர்?”

“கொட்டாரக்கரை. எந்தா சேச்சி?”

“அது அப்பா வீடா, அம்மா வீடா?”

“அம்மையோடது. எங்களுக்கு எப்பவும் அம்மை வழியல்லே?”

“பின்ன அவருக்கு மட்டும் எதுக்கு அப்பா வழி?”

அவர் பேனாவை மூடி வைத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

“செரி, பேனல் அவிடத்தன்னே இருக்கட்டே. எல்லாருக்கும் அம்மையோட பேரும் ஊரும் சேர்த்து எழுதிக்கோ.”

எல்லா பேனலையும் மறுபடி பிரிண்ட் போட வேண்டும்! அவரைத் திட்டிக்கொண்டே, முன்பு ஒதுக்கியவர்கள் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்தேன். கேட்கக் கேட்க எனக்கே குஷியாகிவிட்டது. பச்சை மலையாளி என்று நாங்கள் எழுதி வைத்திருந்த விமான இன்ஜினியரின் அம்மா தூத்துக்குடிக்காரர். டெல்லிக்காரர் என்று ஒதுக்கிய மருந்து ஆராய்ச்சியாளரின் அம்மாவுக்கு ஆலப்புழை. அவரையும் உள்ளே சேர்த்தோம். யாரிடமும் ஒரே ஓர் ஊரைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது என்று இத்தனை வருட வேலையில் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

விழாவன்று வைத்தியநாதன் தன் பேனல் முன் வந்து நின்றார். தன் பேரையோ பம்ப்செட் படத்தையோ பார்க்கவில்லை. ‘தாய்: மீனாட்சி, வலியசாலை’ என்ற வரியையே திரும்பத் திரும்பப் படித்தார். போட்டோ எடுக்க வந்தவர் அவரை நடுவில் நிற்கச் சொன்னார்.

அவர் விலகிப் போய் நின்றார். “நான் ஓரமாவே நின்னுக்கறேன். நடுவுல நின்னா அம்மா பேரை மறைச்சுடுவேன்.”