பாதி ஷேவிங்

வெட்டிய மருதாணியைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுக் கையை முகர்ந்தேன். அந்தப் பச்சை வாசனையில் அப்பா வந்து நின்றார்.

நோன்பு மாதத்தில் அப்பா எங்கள் மயிலாப்பூர் வீட்டு மருதாணி வேலியை உள்பக்கம் மட்டும்தான் வெட்டுவார். தெருப்பக்கம் காடாய்க் கிடக்கும். "இன்னாடா, உங்க வேலிக்குப் பாதி ஷேவிங்தானா?" என்று கூடப் படிக்கிற பையன்கள் சிரிப்பார்கள். எனக்கு மானமே போகும். வெட்டச் சொல்லி அழுதால், "பெருநாள் போவட்டும்டா" என்பார். பெருநாளுக்கு முந்தின நாள் அடுத்த தெரு மைமூன் அக்கா தன் தங்கைகளோடு வருவார். வளையல் குலுங்க, முந்தானை நிறைய இலை பறித்துப் போவார்கள். அதற்கப்புறம்தான் அப்பா மறுபடி கத்தரியை எடுப்பார்.

அப்பா இல்லாத முதல் வருஷம் இது. நாளைக்குப் பெருநாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வேலி இரண்டு பக்கமும் மழுங்க வெட்டப்பட்டு, வெகு அழகாக இருந்தது.

சாயங்காலம் கேட் திறந்தது. தலை நரைத்த மைமூன் அக்கா, கையில் வெறும் பை. வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பரவால்ல தம்பி, கடையில மருதாணி கோன் வாங்கிக்கிறேன்."

காலையிலிருந்து இலையை வெறுங்கையால் அள்ளி அமுக்கியதில் என் உள்ளங்கை நன்றாகச் சிவந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.