மரியானுஸ் சாரா, எமில்டா மேடமா

எங்கள் டுமர்டோலி ஊர்க்காரர்கள் ஒரு வேளை சோறு இல்லாமல் இருந்துவிடுவார்கள், ஹாக்கிச் சண்டை இல்லாமல் இருக்கமாட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் செருப்பைத் தேடும்போதே ஆரம்பித்துவிடும். மரியானுஸ் சார் பெரிய கோச்சா, எமில்டா மேடம் பெரிய கோச்சா? சார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மூங்கிலைச் செதுக்கி மட்டை செய்துகொடுத்து, உழுத வயலில் வெறுங்காலோடு ஓடவிட்டு, எங்கள் பெண்களை மாநில அணி வரைக்கும் கொண்டுபோனவர். எமில்டா மேடம் இப்போது இருப்பவர், கும்லா டவுனிலிருந்து வந்தவர். ஷூ போடச் சொல்வார், ஆட்டத்தை போனில் பிடித்து நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். அவரும் பிள்ளைகளை மாநில அணிக்கு அனுப்பியிருக்கிறார். ஒருவர் வயலில் ஆடவைத்தவர், மற்றவர் புல்விரிப்பில் ஆடவைப்பவர், இரண்டு பேரையும் எந்தத் தராசில் நிறுப்பது என்று எவனாவது யோசித்தானா? கிடையாது. கத்துவதற்கு யோசனை எதற்கு?

சார் கட்சிக்கு ஒரு பெரிய சாட்சி இருந்தது. பிபியானா குல்லுவின் வலது முழங்கால்.

கதை ஊருக்கே மனப்பாடம். பிபியானா பதினேழு வயசில் ஜாம்பானி ஊரோடு இறுதி ஆட்டம் ஆடினாள். முழங்கால் திருகி விழுந்தாள். மரியானுஸ் சார் அவளைத் தூக்கி நிறுத்தி "ஆடு" என்றார். ஆடினாள், ஊர் ஜெயித்தது. கால் போனாலும் ஆட்டக்காரியை வெளியே எடுக்காதவர்தான் கோச் என்று அவள் அண்ணன் பத்ராஸ் மார்தட்டிக்கொண்டு சொல்வான். அவன்தான் சார் கட்சிக்குத் தலைவன்.

அந்தக் காலோடுதான் பிபியானா கல்யாணம் பண்ணினாள், பிள்ளை பெற்றாள், புருஷன் செங்கல் சூளைக்குப் போனபின் தனியாகக் குடும்பம் நடத்தினாள். நடவுக்குக் குனிய முடியாது. மற்றவர்கள் நட, இவள் வரப்பில் நின்று நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுப்பாள். தலையில் தூக்கிவைத்து ஊர் கொண்டாடும் முழங்காலைப் பற்றி யாராவது கேட்டால் சிரிப்பாள். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

போன அறுவடை முடிந்ததும் கஸ்ஸிப் போட்டி வந்தது, கஸ்ஸி என்றால் ஆட்டுக்கிடா. ஜெயித்த ஊருக்கு ஒரு கொழுத்த கிடா, அதை அன்றைக்கே அறுத்து ஊரே தின்னும். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மறுபடியும் ஜாம்பானிதான். நடுவில் நின்று ஆடியவள் பிபியானாவின் மகள் நில்மா.

ஆளுக்கொரு கோல் போட்டிருந்தார்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான். நில்மா பந்தோடு திரும்பினாள், கால் ஊன்றியது, உடம்பு மட்டும் திரும்பியது. விழுந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பிபியானா நின்றிருந்தாள். அந்த விழுகை அவளுக்குத் தெரியும்.

எமில்டா மேடம் பிள்ளையை வெளியே கொண்டுவந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். போதும், இன்றைக்கு இவ்வளவுதான் என்றார். மாற்று ஆள் மிச்சமில்லை, பத்துப் பேர் ஆடட்டும் என்றார். அவ்வளவுதான், கூட்டம் கொதித்தது. பத்ராஸ் கோட்டைத் தாண்டியே வந்துவிட்டான்.

"மரியானுஸ் சாரா இருந்தா இந்நேரம் புள்ள உள்ள நிக்கும்."

"உள்ள போனா கால் போயிடும்," என்றார் மேடம்.

"என் தங்கச்சிக்குப் போயிடுச்சா? நடக்கலையா அவ?"

நில்மா அழுதுகொண்டே, ஆடுகிறேன் மேடம், ஒன்றுமில்லை மேடம் என்று கெஞ்சினாள். பின்னால் ஊரே கத்தியது. மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. வெளியூர்க்காரி, மைதானம் ஊர்க்காரர்களுடையது. நாளைக்கு வராதே என்றால் அவர் என்ன செய்வார்? பிபியானாவைத் தேடிக் கண்ணை ஓட்டினார்.

"நீங்க தாய். நீங்க போகச் சொன்னா அனுப்பறேன்."

கூட்டம் இவள் பக்கம் திரும்பியது. சொல்லு பிபியானா, சார் என்ன பண்ணினாருன்னு சொல்லு என்றார்கள். நடுவர் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிபியானாவுக்குப் பயம்தான், வேறென்ன. சொன்னால் ஊரில் இருக்கிற ஒரே மரியாதையும் போகும். மகளைப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே மட்டையை எடுத்துவிட்டாள்.

"சார் என்னை வெளிய எடுத்துட்டாரு," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"தோள்ல கிடந்த துண்டை அவுத்துக் கட்டுப்போட்டு, மரத்தடியில உக்காரவெச்சாரு. பத்துப் பேரோட ஆடலாம்னாரு. நீதாண்ணா வந்தே. கக்கத்துல கையைக் குடுத்துத் தூக்கி உள்ள தள்ளினே. இப்படித்தான் எல்லாரும் கத்தினீங்க. சார் குறுக்க வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. அவரைத் தள்ளிவிட்டீங்க."

பத்ராஸுக்கு முகம் சிவந்தது. "அப்படின்னா இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கல?"

"வீராங்கனைன்னீங்க. கேக்க நல்லா இருந்துச்சு," என்றாள். "நடவுல எல்லாரும் குனியறப்ப, நான் மட்டும் வரப்புல நிக்கறப்ப, நல்லா இல்ல."

நில்மா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மட்டையைக் கீழே போட்டாள். குனிந்து காலுறையை இறக்கி, கணைக்கால் கவசத்தை உருவினாள். தண்ணீர் வேண்டும் என்றாள்.

பத்துப் பேரும் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள். கடைசியில் ஜாம்பானி ஒரு கோல் போட்டுக் கிடாவை ஓட்டிக்கொண்டு போனது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது, பிபியானாவோடு யாரும் பேசவில்லை. மேடம் மட்டும் நில்மாவின் காலைத் தன் மடியில் வைத்து ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

பத்ராஸ் போகவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தான். தங்கையிடம் சொன்னான்:

"அந்த ஆட்டத்துக்கு அப்புறம் சாகற வரைக்கும் சார் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கர்வம் பிடிச்ச மனுஷன்னு நினைச்சேன்."