அருளப்பன் மாமா ஓட வைத்த எஞ்சின்

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தபோது அவள் குரலுக்கு முன்னால் எஞ்சின் சத்தம்தான் என் காதில் விழுந்தது. பிசிறில்லாமல், சீராக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை, அவளுக்கு டயாலிசிஸ் நாள். கடலூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து, "வாங்க வாங்க, ஆஸ்பத்திரிக்கே டிபன் எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். "டேய், மாமா பேச மாட்டேங்கறாருடா. ஸ்டேரிங் மேலயே சாஞ்சிட்டாரு, ஒடம்பெல்லாம் வேர்த்துக் கெடக்கு" என்று அக்கா கத்தினாள். அந்தக் கத்தலுக்குப் பின்னாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

நான் சிதம்பரத்தில் பஸ் பிடித்து, அவர்கள் வீடு இருக்கும் கடலூர் முதுநகர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாமாவை வீட்டுக்குள் கிடத்தியிருந்தார்கள். வாசலில் தெருவே கூடி நின்றது. நடுவில் அந்த வெள்ளை வேன் ஓடியபடியே நின்றது. யாரோ சாவியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள், அணையவில்லை. அது பழைய டீசல் வண்டி. ஸ்டேரிங்குக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கும், அதை இழுத்துப் பிடித்தால்தான் எஞ்சின் நிற்கும். அது தெரிந்த ஆள் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் வண்டிப் பக்கமே வரவில்லை. நான் போய் இழுத்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே அக்கா அழுவது வாசலுக்குக் கேட்டது.

மாமாவைப் பற்றி உங்கள் கோயில் பங்கு மடலுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நல்ல வார்த்தையெல்லாம் அடக்கத்தன்றே நீங்கள் பேசித் தீர்த்துவிட்டீர்கள். "கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லாத மனுசன்" என்று மைக்கில் உருகியபோது எனக்கு வயிறு எரிந்தது. அவர் இல்லை என்று சொல்லவில்லை, வாஸ்தவம்தான். அவர் உங்களிடம் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதை யாரும் மைக்கில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அருளப்பன் மாமா என் அக்காவின் கணவர். வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை, அந்த வேன்தான் இருந்தது. கல்யாணப் பெண் கோயில் படி இறங்கினால் அருளப்பன் வேனில்தான் ஏற வேண்டும், ராசியான வண்டி என்று ஆரம்பித்து வைத்தது உங்கள் தெருதான். மங்கலம்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனாலும், பெண்ணாடத்துக்குத் துக்கம் கேட்கப் போனாலும், பிரசவ வலி எடுத்தாலும் மாமா வீட்டு வாசலில்தான் வந்து நிற்பீர்கள். நான் திட்டுவேன். "வண்டி நம்மளுது, ரோடு கெவர்மெண்டோடது. போறதுக்கு இன்னா மச்சான்?" என்பார். அவருக்கு அது ஒரு பெருமை. அந்தப் பெருமையைத்தான் நீங்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டீர்கள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு அந்த வண்டி அவளுக்கு உயிர்நாடி ஆனது. டயாலிசிஸுக்குக் கடலூரில் இடம் கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் செவ்வாயும் வெள்ளியும் கிடைத்தது. என் வீடு அங்கேதான், ஆனால் இரண்டாவது மாடி. அவளால் ஏற முடியாது. அதனால் மாமா வேனின் நடு சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தையைப் போட்டார். திரும்பும்போது அதில் அவள் சுருண்டு படுத்துக்கொள்வாள். அவர் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்.

மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போக உங்களில் ஒருவர் வண்டி கேட்டார். மாமா கொடுத்தார். திங்கட்கிழமை திரும்பி வந்தவர் வண்டியை வாசலில் விட்டுவிட்டு, அக்கா கையில் சாவியையும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தையும் கொடுத்துவிட்டுக் கமுக்கமாக நழுவிவிட்டார். மறுநாள் காலை அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பின்னால் வெள்ளைப் புகை. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் வண்டி படுத்துவிட்டது. மாமா ஆயில் பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் டீ மாதிரி இருந்தது.

இழுத்துக்கொண்டு போய்க் காட்டியதில் மெக்கானிக் சொல்லிவிட்டார். "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், ஆயில்ல தண்ணி எறங்கியிருக்கு. கொதிச்சுக்கிட்டு இருக்கறப்ப பச்சத்தண்ணிய ஊத்தியிருக்காங்க, ஹெட்டு கோணியிருக்கும். இதுக்கு மேல இந்த வண்டிய கட்டி அழுவாதீங்க. காயலான் கடைக்குப் போட்டுடுங்க."

அன்று சாயங்காலமே மாமா உங்கள் வாசல்களில் ஏறி இறங்கினார். வாழ்நாளில் அவர் கேட்டது அந்த ஒரு முறைதான். வண்டி கூட வேண்டாம், வெள்ளிக்கிழமை அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் போதும் என்றார். அடேயப்பா, எத்தனை பதில்கள்! ஒருவருக்கு ஆபீசில் ஆடிட்டிங். ஒருவருக்கு டிரைவர் லீவு. ஒருவர் அக்காவுக்காகவே கவலைப்பட்டார்: "ஏசி வேல செய்யல மாமா, அக்காவுக்கு ஒத்துக்காது." இன்னொருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "வாந்தி கீந்தி எடுத்துட்டா? சீட் கவர் புதுசு மாமா." வேளாங்கண்ணிக்குப் போனவர் வீட்டில் இல்லை என்று அவர் மனைவி சொன்னாள். உள்ளே டிவியில் அவர் சேனல் மாற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது என்று மாமா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனார்கள். திரும்பும்போது புதுச்சத்திரம் கிட்டே அக்கா தன் முந்தானையிலேயே வாந்தி எடுத்தாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து நகர்ந்துகொண்டார்கள். மாமா தன் துண்டால் துடைத்துவிட்டு, முதுநகர் வரும் வரை அவளைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வந்ததும் எனக்குப் போன் செய்து, "ஞாயித்துக்கெழம வா மச்சான். வூட்டுலயே எஞ்சினைப் பிரிக்கப்போறேன்" என்றார்.

"உங்களுக்கு இன்னா தெரியும் மாமா? பட்டா, சிட்டா பாத்த ஆளு நீங்க."

"சிட்டாவ விடவா இது சிக்கல்? வாடா."

அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. போனில் ஒரு வீடியோ. பேசுகிறவன் இந்திக்காரன், அவன் சொல்வது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு அட்சரம் புரியாது. மாமா சத்தத்தை அணைத்துவிட்டு, "அவன் கை போற எடத்துக்கு நம்ம கை போனா போதும்" என்றார். கழற்றுகிற போல்ட்டையெல்லாம் அக்காவின் இட்லித் தட்டுக் குழிகளில் போட்டு வைத்தோம். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, "அந்தத் தட்டுல இனிமே ஆரு இட்லி ஊத்துவா?" என்று முனகினாள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினால், அடியில் இருந்த கேஸ்கட் தகடு கருகிப் பிய்ந்துகொண்டு வந்தது.

அன்றுதான் அந்த மூடி கிடைத்தது. பேட்டரிக்குக் கீழே தகட்டு இடுக்கில் கிடந்தது, நீல நிறத்தில் சின்னதாய் ஒரு பிளாஸ்டிக் கிரீடம். வேளாங்கண்ணியில் மாதா சொரூபம் மாதிரி புட்டி விற்பார்களே, தீர்த்தம் பிடித்து வர, அதன் மூடி. பார்த்ததும் நடந்தது விளங்கிவிட்டது. வழியில் ரேடியேட்டர் கொதித்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி ஆற விடப் பொறுமை இல்லை. ஆளாளுக்கு வாங்கி வந்த தீர்த்தத்தை, ஜெபம் சொல்லிக்கொண்டே, புட்டி புட்டியாகக் கொதிக்கிற எஞ்சினில் ஊற்றியிருக்கிறீர்கள். அங்கேயே நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை, மாதாவின் புதுமை, அற்புதம் நடந்துவிட்டது என்று வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மாதாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

மூடியை எடுத்துக்கொண்டு, அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கக் கிளம்பினேன். மாமா கேட்டில் வந்து மறித்தார்.

"உட்றா மச்சான். பயந்துபோய் ஊத்தியிருப்பான். நாளைக்குக் கோயில்ல அவன் மூஞ்சியில நான் முழிக்க வேணாமா?"

"அவன்தான் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறானே மாமா!"

"பேர மட்டும் வெளிய உட்டுடாத. எனக்காக" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஹெட்டைச் சாக்கில் கட்டி, அக்காவோடு பஸ்ஸில் ஏற்றினோம், சிதம்பரத்தில் லேத் பட்டறையில் கொடுத்துக் கோணலை எடுக்க. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியதைப் பார்த்துக் கண்டக்டர், "இன்னா பெரியவரே, கோழியா?" என்றார். "இல்லப்பா, வண்டியோட தல" என்றார் மாமா. அக்காவை ஆஸ்பத்திரியிலும் ஹெட்டை லேத்திலும் விட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தபோது, "ரெண்டு பேரையும் அட்மிட் பண்ணியாச்சு" என்றார். முகத்தில் அசதி. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். கேட்டதற்கு, "வாயுடா" என்றார்.

முதல் தடவை மாட்டியது வீணாய்ப் போனது. ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகப் போல்ட்டை முடுக்கியிருந்தோம், மறுபடியும் தண்ணீர் கசிந்தது. நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் திரும்பப் பிரித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பூசை முடிந்து, சலவைச் சட்டையோடு எங்களைக் கடந்து போனீர்கள். "இன்னுமா முடியல மாமா?" என்று கேட்காதவர் இல்லை. ஒரு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தவரும் இல்லை. வேளாங்கண்ணிக்காரரும் நின்றார். "பழைய வண்டியோட எதுக்கு மாமா மல்லுக்கட்டறீங்க? குடுத்துத் தல முழுவுங்க" என்று புத்தி சொன்னார். நான் வாயைத் திறந்தேன். மாமா தன் காலால் என் காலை அழுத்தி மிதித்தார். "பாக்கலாம்ப்பா" என்று அவரை அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிறு வண்டி உயிர் பெற்றது. இருமியது, கறுப்பாகக் கொஞ்சம் புகையைக் கக்கியது, பிறகு நிதானமாக ஓடியது. அக்கா எழுந்து வந்து பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூஞ்சி முழுக்க எண்ணெயோடு மாமா, "பாத்தியா ஸ்டெல்லா, உன் தம்பி சாபம் உட்டுக்கிட்டே போல்ட் முடுக்கினான், அப்படியும் ஓடுது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வந்தார். திரும்பும்போது அக்கா மெத்தையில் நன்றாகத் தூங்கினாளாம். அந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் அவருக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை நடந்ததை அக்கா பிறகுதான் சொன்னாள். அவள் மெத்தையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாமா வண்டியைக் கிளப்பிச் சூடேறட்டும் என்று காத்திருந்தார். அப்படியே சாய்ந்தார். அவள் கத்தியதில் முதலில் ஓடி வந்தவர் வேளாங்கண்ணிக்காரர்தான். "தம்பி, வண்டிதான் ஓடிக்கிட்டு இருக்கே, இதுலயே கொண்டுபோயிடுப்பா" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள். அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். பாலத்தைத் தாண்டினால் கடலூர் ஆஸ்பத்திரி. அவர் கையை உருவிக்கொண்டு, "இந்த வண்டிய நம்பி எப்புடிக்கா? வழியில நின்னுட்டா? ஆம்புலன்ஸு வந்துரும்" என்றாராம். மற்றவர்கள் கார் சாவி தேடினீர்கள்.

கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அது கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. நான் சிதம்பரத்திலிருந்து வந்து அந்தக் குமிழை இழுக்கும் வரைக்கும், அவ்வளவு நேரமும், அந்த எஞ்சின் நிற்காமல் ஓடியது. இழுப்பதற்கு முன்னால் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். பாதியைத் தாண்டவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், முகம் வீங்கி மூச்சு வாங்கிய அக்காவை அதே வேனில் நான் ஏற்றிக்கொண்டு போனேன். இப்போது திங்களும் வியாழனும் சாயங்காலம் பஸ்ஸில் கடலூர் வந்துவிடுகிறேன், மறுநாள் காலை அவளை அழைத்துக்கொண்டு சிதம்பரம் போகிறேன். வேன் ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. அதைத் தெருவில் பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுவத்தி இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே, உங்களில் ஒருவர், அதே ஒருவர், அக்காவிடம் வந்தார். "வண்டி சூப்பரா ஓடுதாமேக்கா. கீரப்பாளையத்துல ஒரு நிச்சயதார்த்தம், ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான்" என்றார். இல்லை என்று சொல்லாத மனுசனின் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வழியில நின்னுட்டா?" என்றாள். அவ்வளவுதான்.

மாமாவிடமிருந்து எதை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அவருடைய பொறுமையை இல்லை. அது அவரோடு மண்ணுக்குள் போகட்டும், எனக்கு வேண்டாம். வண்டி எடுக்கும் முன் ஆயில் கம்பியை உருவி, அவருடைய பழைய வேட்டித் துணியில் துடைத்துப் பார்க்கிறேன். கறுப்பாக இருந்தால் மனசு ஆறுகிறது. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் இதுவரைக்கும் வெளியே விடவில்லை, இதை எழுதும்போதும் விடவில்லை. அந்த நீல மூடியை ஸ்டேரிங்குக்கு முன்னால், ஏறுகிறவர்கள் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டி வைத்திருக்கிறேன். உரியவர் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.