மஞ்சள் துணியில் முடிந்த ஊசி

நோயாளிக்காக ஜெபிக்கப் போகிற போதகனுக்கு நோயாளியைவிட நெஞ்சு அதிகமாகப் படபடக்கும் என்பது, இந்த ஊழியத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராத பாடம். சட்டைப் பையில், நோயாளிக்குப் பூசி ஜெபிக்கும் எண்ணெய்க் குப்பியோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கும் சக போதகர்களே, உங்களுக்குத் தெரியாததா? கேட்டது கிடைக்காவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு பயம். கிடைத்துவிட்டதாக அவர்களே முடிவு கட்டிவிட்டால், அது அதைவிடப் பெரிய பயம். அந்த இரண்டாவது பயத்தை எனக்குக் காட்டிய சந்திரன் அண்ணன் விஷயத்தைக் கேளுங்கள்.

கை வைத்த இடம்

சந்திரன் அண்ணன் அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். இனிப்பு நீர்க்காரர், அதுதான் சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஆறாத புண். காலை எடுக்க வேண்டி வரலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கால் போனால் பிழைப்பும் போச்சு. அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா, தெரிந்த கோயிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்ட பிறகு என்னைக் கூப்பிட்டார். "நாங்க ஒங்க ஆளுங்க இல்லையே பாஸ்டர், ஒங்க சாமி பாப்பாரா?" என்று கேட்டார். பழைய ஏற்பாட்டு நாகமான் கதையைச் சொன்னேன். அவன் வேற்று நாட்டுக்காரன், வேறு சாமி கும்பிட்டவன், எதிரிப் படையின் தளபதி. அவன் குஷ்டத்தையும் கடவுள் நீக்கினார். பிற்பாடு இயேசு குஷ்டரோகியைத் தொட்டபோது நீண்டதும் அதே பழைய இரக்கத்தின் கைதான் என்றேன்.

பேச்சு நன்றாகத்தான் வந்தது. பாதத்தில் போட்டிருந்த கட்டைப் பிரித்தபோது வாடை அடித்தது. தொடுவதைப் பற்றி அப்போதுதான் பிரசங்கம் செய்து முடித்த நான், நைசாக அண்ணன் தலையில் கை வைத்து ஜெபித்தேன். வழக்கம்போல, "மருந்த நிறுத்திடாதீங்க" என்றும் சொன்னேன். அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நோவு கால்ல இருக்கு பாஸ்டர், நீங்க தலையில கைய வைக்கிறீங்களே?"

மீன் வாங்கப் போன இடத்தில்

அடுத்த வாரம் பாசிர் பெனம்பாங் மீன் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பரமேஸ்வரி அக்கா எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அண்ணனுக்கு வலியே இல்லையாம், நிம்மதியாகத் தூங்குகிறாராம். எனக்கும் உள்ளே குளிர்ந்தது. ஆண்டவரே, என் கையாலா! அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான். இனிப்பு நீர்க்காரருக்குக் கால் மரத்துப்போனாலும் வலி தெரியாது என்று ஞாபகம் வந்தது. "ஊசி ஒழுங்கா போடறாரா அக்கா?" என்று கேட்டேன். அக்கா கூச்சமே இல்லாமல் சொன்னார்: "ஊசியா? அத மஞ்சத் துணியில முடிஞ்சு ஒங்க சாமிக்குக் காணிக்கையா வச்சிட்டாரு பாஸ்டர்."

சாமி மேடை

மீனை வாங்கினேனா விட்டேனா தெரியாது. அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்கு விட்டேன். இந்த மனிதர் செத்தால் என் ஜெபத்தால்தான் செத்தார் என்ற எண்ணம் வழியெல்லாம் துரத்தியது. சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், நேர்த்திக்கடனுக்குக் காசு முடிந்து வைப்பார்களே, அதே மாதிரி ஒரு மஞ்சள் முடிச்சு. உள்ளே இன்சுலின் ஊசியும் மாத்திரைகளும். அண்ணன் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தார். "நிறுத்தாதீங்கன்னு சொன்னேனே அண்ணே!" என்று கிட்டத்தட்ட அலறினேன். "நீங்க பணிவுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். வரம் குடுத்த பொறகும் மருந்து எடுத்தா, சாமிய சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமே" என்றார்.

அதட்டினால் கேட்கிற ஆள் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எசேக்கியா ராஜா சாகக் கிடந்த கதையைச் சொன்னேன். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். கண்ணீரைப் பார்த்துக் கடவுள் இரங்கினார், ஆயுளைக் கூட்டினார். அப்படியும் தீர்க்கதரிசி, அத்திப்பழத்தை அடையாக்கிப் புண்ணில் வைக்கச் சொன்னார். இரங்குகிறவருக்கு மருந்தின்மேல் கோபம் கிடையாது அண்ணே என்றேன். அண்ணன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "ராஜாவுக்கே மருந்து வச்சுத்தான் சொகமாக்குனாரா? அப்ப காடிய எடுங்க லா பாஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கட்டின் மேல்

அறுவைச் சிகிச்சை நடந்த நேரம் முழுக்க பரமேஸ்வரி அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஊருக்கெல்லாம் ஜெபம் சொல்லிக்கொடுப்பவனுக்கு அன்று, "ஆண்டவரே, இரங்கும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. டாக்டர் வெளியே வந்து, இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டோம், கால் தப்பியது என்றார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். தலைமாட்டுக்குப் போகவில்லை. கால்மாட்டில் நின்று, கட்டின் மேல் பட்டும் படாமலும் கை வைத்தேன். ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இப்பதான் சரியான எடத்துல கைய வச்சிருக்கீங்க பாஸ்டர். ஆனா கை ஏன் இப்படி நடுங்குது, சாப்பிட்டீங்களா இல்லையா?"

நோயாளிக்கு இரங்குகிறவர் நடுங்குகிற போதகனுக்கும் இரங்குவார் என்ற ஒரே தைரியத்தில்தான், எண்ணெய்க் குப்பியைச் சட்டைப் பையிலும், "ஊசி போட்டாச்சா?" என்ற கேள்வியை ஆமெனுக்கு முன்னாலும் பின்னாலும் வைத்துக்கொண்டு, இன்னும் வீடு வீடாகப் படியேறிக்கொண்டிருக்கிறேன்.