பேயி என்றால் நாடு

துப்புரவு வேலை செய்யும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, எந்த இடத்திலும் எங்களுக்கு முதலில் தெரிவது தரைதான். சுவரைப் பார்க்க வருடங்கள் எடுக்கும். பாரிஸில், லா சப்பலில் மெத்ரோ ரயில் ஏறி, ஒரு மியூசியம் திறக்கும் முன்னம் போய்த் துடைத்துவிட்டு வருவது என் வேலை.

பேய்ப்படம்

ஒரு மண்டபத்தில் கடற்கரைப் படம் ஒன்று. கிட்டப் போனால் வெறும் வர்ணத் திட்டுகள். துடைத்துக்கொண்டு பின்னுக்கு வந்தால் கடல், ஈச்சமரம், வெயில். கீழே 'பேயிசாஜ்' என்று எழுதியிருந்தது. முதல் பாதி எனக்குத் தெரியும், விசாப் பத்திரங்களில் நிரப்பிப் பழகிய சொல்: பேயி, நாடு. படம் கீறினவர் தன் நாட்டை நினைத்துக் கீறியிருக்கிறார், பாவம், ஊர் போய்ச் சேர்ந்தாரோ என்று தினமும் அவருக்காக ஒரு தேவாரம் முணுமுணுப்பேன். வன்னியிலிருந்து வந்து என்னோடு வேலை செய்யும் சுகந்தி சொன்னாள்: "நாட்டுக்குப் பேய் எண்டு பேர் வைச்ச சனம் இவையள்தான் அக்கா."

பலித்த தேவாரம்

இரண்டு வருடம் கழித்துத்தான் மண்டபக் காவலுக்கு நிற்கும் பிரெஞ்சுக்காரரிடம் கேட்டேன். பேயிசாஜ் என்றால் இயற்கைக் காட்சியாம். சிரிக்காமல் விளக்கினார்: "அது அவரின்ரை ஊர் இல்லை மதாம். பயணம் போன இடத்திலை நிண்டு கீறினார், பிறகு வீட்டுக்குத் திரும்பீட்டார்."

முதல் ஞாயிறு

மகள் லண்டனில், மகன் துலூஸில். வீட்டில் நானும் சாமிப்படங்களும். மாதத்தின் முதல் ஞாயிறு மியூசியத்துக்குள் போகக் காசு கட்டத் தேவையில்லை, வா ராசா, உனக்கு ஒரு படம் காட்டவேணும் என்று மகனைக் கூப்பிட்டேன். அவன் வருவான் என்று மூன்று முதல் ஞாயிறுகளுக்கு ரோல்ஸ் பொரித்து, மூன்று திங்களும் சுகந்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் ஆனி மாதம் கட்டாயம் வருவதாகச் சொன்னான்: "அந்தரப்படாதேங்கோ அம்மா, படம் எங்கை ஓடப்போகுது?"

வெறும் கொளுக்கி

ஆனி பிறக்கும் முன்னம் ஒருநாள் போனால், சுவரில் இரண்டு கொளுக்கியும் ஒரு காகிதமும்தான். யப்பானில் கண்காட்சியாம். என் முகத்தைப் பார்த்துக் காவல்காரர், "பயப்பிடாதேங்கோ மதாம், அதுக்குப் பேப்பர் எல்லாம் சரி, மார்கழியிலை வந்திடும்" என்றார்.

அன்று மகன் போனில் கூப்பிட்டபோது, படம் இல்லை என்பதை மறைத்திருக்கலாம். சாமிக்கு விளக்கு ஏற்றிவிட்டு நின்ற நேரம், பொய் சொல்ல வாய் வரவில்லை. கேட்டுவிட்டு ஆறுதலாகத்தான் சொன்னான்: "அப்ப படம் வந்த பிறகே வாறன் அம்மா."

என்னை விட்டுத் தூரம் போனவர்களில், திரும்பி வரும் தேதியை எழுதி ஒட்டிவிட்டுப் போனது அந்தப் படம் ஒன்றுதான்.